‘பானையில தண்ணி கீதா’ என்றொரு தெலுங்குப் பாட்டு

நமக்கெல்லாம் இன்னும் முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் சாயங்கால ரயிலில் பெண்கள் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து வரும்போது நம் முகங்களைப் பார்க்கிற யாரும் அதை நம்ப மாட்டார்கள். வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவர்கள் நாம். அந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை, இனியும் கொடுக்க மாட்டேன். ஆனால் அதற்கென்று ஒரு களைப்பு இருக்கிறது. மருந்துச் சீட்டிலிருந்து பஸ் பலகை வரை எல்லாவற்றையும் படித்துச் சொல்கிறவள் தெருவுக்கே ஒருத்திதான் என்றால், அவள் எல்லாம் தெரிந்த முகத்தோடு நடமாட வேண்டியிருக்கிறது. எனக்கு அந்த முகம் பத்து வயதிலேயே வந்துவிட்டது.

போன மாதம் ரயில் வராமல் அம்பத்தூரில் காத்துக் கிடந்தோமே, அன்று டீக்கடை ரேடியோவில் ஒரு பழைய தெலுங்குப் பாட்டு வந்தது. உங்களில் ஒருத்தி, “என்ன குரல்டி இது, தேன் மாதிரி” என்றாள். அந்தப் பாட்டு எங்கள் தெருவில் உண்டானது. அப்போது அதில் தெலுங்கு இல்லை. அந்தத் தேன் குரலும் இல்லை. அன்று ரயில் வந்துவிட்டதால் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு பருத்திப்பட்டு ஏரிக்கரையை ஒட்டியது. ஒரு பக்கம் கூரை வீடுகள், எதிர்ப்பக்கம் கரைச் சரிவும் முள்ளும். எங்கள் ஆட்கள் அந்த ஏரித் தண்ணீரில் விளைந்த யாருடைய நெல்லையோ அறுத்துக்கொண்டிருந்தவர்கள். நைனா காலத்தில்தான் ஆண்கள் அம்பத்தூர் பட்டறைகளுக்குப் போக ஆரம்பித்தார்கள். நைனா இரும்பு வார்க்கிற பட்டறையில் இருந்தார். சட்டையைத் துவைத்தாலும் கருகிய மண்ணின் வாசனை போகாது.

தெருமுனையில் காம்பவுண்டு வைத்த ஒரே ஒரு மெத்தை வீடு. யாரோ பட்டணத்துக்காரர் கட்டிவிட்டுப் பூட்டிப் போட்டிருந்தார். ஒரு தை மாதம் அதற்கு ஆள் வந்தது. பூந்தமல்லி பாயின் வேனில் சாமான்கள் வந்து இறங்கின. பாய் விடியற்காலையில் பூக்கூடைகளைப் பட்டணத்துக்கு ஏற்றிப் போவார். திரும்பும்போது கிடைத்த சுமையை ஏற்றி வருவார். அதனால் கட்டில், பீரோ, ஆர்மோனியம் எல்லாவற்றின் மேலும் மல்லிகை இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது.

“யாரு பாய் புதுசா?” என்று அம்மா கேட்டாள்.

“சினிமாக்காரரு. தெலுங்குப் படத்துக்கு மெட்டுப் போடறவரு. பாடவும் பாடுவாரு. பெரிய ஆளும்மா.”

“பெரிய ஆளு இன்னாத்துக்கு இந்த முள்ளுக்காட்டுக்கு வராரு?”

பாய் ஆர்மோனியத்தை ஒரு குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி உள்ளே கொண்டுபோனார்.

அடுத்த வாரமே அம்மா அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கவும் மாவு அரைக்கவும் போக ஆரம்பித்தாள். அந்த வீட்டுக்காரியை அம்மா முதலில் ‘அம்மா’ என்றுதான் கூப்பிட்டாள். அவர், “அக்கான்னு கூப்பிடு, அம்மான்னா வயசாயிடுது” என்று சிரித்தார். அவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றோம். அவருடைய கணவரைத் தெரு ‘பாட்டுக்காரரு’ என்றது. நேரில் ‘சாரு’.

எங்கள் வீட்டில் சிம்னி விளக்கு. அவர்கள் வீட்டில் கரண்டு. வீட்டுப்பாடத்தை அங்கே எழுதிக்கொள்ளச் சொன்னது அக்காதான். ஆகவே தினமும் சாயங்காலம் அந்த வீட்டுக் கூடத்தின் ஒரு மூலை என்னுடையதாயிற்று. சிவப்பு சிமெண்டுத் தரை, குளிர்ந்திருக்கும். எதிர் மூலையில் ஜமக்காளம், ஆர்மோனியம், மூடி கழன்ற ஒரு டேப் ரிக்கார்டர். அதில் இரண்டு சக்கரங்கள் சுற்றும்; பழுப்பு நாடா ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். அதன் சூட்டு வாசனை இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது, புதுச் செருப்பை வெயிலில் வைத்ததுபோல.

பாட்டுக்காரர் சித்திரை வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருப்பார். காலையில் யாரோடும் பேச மாட்டார். யாராவது ஏதாவது கேட்டால் கையை மட்டும் ஆட்டுவார். தெரு ஆளுக்கொரு முடிவுக்கு வந்தது. நைனாவின் முடிவு, திமிர் பிடித்தவர் என்பது. மீன்கார அத்தையின் முடிவு, நெஞ்சில் தீராத சளி. அவள் ஏரிக்கரையில் தூதுவளை பறித்து ஒரு கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். குரலைச் சேமித்து வைக்கிற ஒருவரை எங்கள் தெரு அதுவரை பார்த்ததில்லை. எங்களுக்குக் குரல் என்பது கூப்பிட்டால் வருகிற ஒன்று.

எங்கள் அம்மாவுடைய குரல் ஏரியின் அந்தக் கரை வரை போகும். விடிந்ததும் அவள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு உள்ளே பார்த்தும் வெளியே பார்த்தும் கேள்விகளாகக் கேட்டுத் தள்ளுவாள். பால் வந்துச்சா, பஸ்ஸு போயிடுச்சா, பானையில தண்ணி கீதா. பதில் வருகிறதா இல்லையா என்பது அவளுக்கு முக்கியமில்லை. அது அவள் எழுந்துவிட்டாள் என்பதற்கு அடையாளம்.

அந்த மாசி மாதம் ஒரு சாயங்காலம், நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, பாட்டுக்காரர் ஆர்மோனியத்தில் ஒரு மெட்டைத் தேடிக்கொண்டிருந்தார். வழக்கம்போல வாய்க்கு வந்ததைப் போட்டுப் பாடிப் பார்ப்பார். ஆனால் அன்று அவர் வாய்க்கு வந்தது என்ன தெரியுமா?

“பால் வந்துச்சா... பஸ்ஸு போயிடுச்சா... பானையில... பானையில தண்ணி கீதா...”

அம்மா அங்கணத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் கையோடு எழுந்து வந்துவிட்டாள்.

“இன்னா சாரு, என்னைக் கிண்டல் பண்றியா?”

அவர் பயந்துபோய் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். அக்கா சமையலறையிலிருந்து ஓடிவந்தார்.

“கிண்டல் இல்லம்மா. இவங்க தொழில் அப்படி. முதல்ல மெட்டு. அதுக்கு அளவு பார்க்க ஏதோ ஒரு சொல்லைப் போட்டு வைப்பாங்க. அப்புறம் கவிஞர் வந்து சரியான தெலுங்குல எழுதிக் கொடுப்பாரு. அப்போ இது போயிடும்.”

“போயிடுமா? அப்போ இன்னாத்துக்கு என்னுதைப் போட்டாரு?”

பாட்டுக்காரர் முதன்முதலாக அம்மாவிடம் நேராகப் பேசினார். அவருடைய தமிழ் மெதுவாக வரும். “நான் போடலை அம்மா. தினம் காலையில நீ கத்தறே. நான் படுத்துக்கிட்டு கேக்கறேன். அதுல ஒரு தாளம் இருக்கு. அதுவா வந்து உட்கார்ந்துட்டுது.”

“கத்தறேனா?” என்றாள் அம்மா. ஆனால் திரும்பிப் போகும்போது சிரித்தாள்.

மறுநாள் கிணற்றடியில் எல்லோரும் அதைப் பாடினார்கள். அம்மாவைச் சீண்டுவதற்காகத்தான் ஆரம்பித்தார்கள். ஒரு வாரத்தில் சீண்டல் போய்விட்டது, பாட்டு தங்கிவிட்டது. ‘பானையில’ என்ற இடத்தில் பாட்டுக்காரர் இரண்டு தடவை இழுப்பார். இரண்டாவது தடவை குரல் ஏறுவதுபோல் போய், ஏறாமல் இறங்கும். தண்ணீர் இல்லை என்று தெரிந்தே கேட்கிற மாதிரி இருக்கும். அந்த இடத்துக்கு வந்ததும் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடி ஒரு கணம் நிற்பார்கள். பாட்டுக்காரர் ஒரு பிளாஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் காற்று வாங்குவதுபோல நடப்பார். உண்மையில் கிணற்றடியைக் கேட்டுக்கொண்டுதான் போவார். ஒரு மெட்டு தானாகத் தெருவில் ஒட்டிக்கொண்டால்தான் அதைத் தயாரிப்பாளருக்குப் பாடிக் காட்டுவாராம். அக்கா சொன்னார்.

அக்காவும் அம்மாவும் அரிசியில் கல் பொறுக்கும்போது பேசிக்கொண்டதை வைத்துத்தான் அவருடைய கதை எனக்குத் தெரியும். கோதாவரிக் கரையில் நாடகக் கம்பெனியில் திரைக்குப் பின்னால் நின்று பாடிய பையன். பட்டணத்துக்கு வந்து கூட்டத்தோடு கூட்டமாகக் கோரஸ் பாடியிருக்கிறார். பிறகு ஒரு கதாநாயகருக்கு அவர் குரல் பொருந்திப்போய், சில வருஷங்கள் அவர்தான் அந்த நாயகரின் பாட்டு. நாயகர் வேறு குரலுக்கு மாறிக்கொண்டார். இவர் மெட்டுப் போடுகிறவராக ஆனார். சில படங்கள் நன்றாக ஓடின. தியாகராய நகரில் வீடு, வாசலில் கார்.

“அப்புறம் இன்னாக்கா?”

“அப்புறம் பூஜைப் பாட்டு” என்றார் அக்கா.

படம் ஆரம்பிக்கிற நாளில் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, முதலில் ஒரு பாட்டைத்தான் ஒலிப்பதிவு செய்வார்களாம். அந்தப் பாட்டு நல்லபடியாக அமைந்தால் படம் நல்லபடியாக முடியும் என்று நம்பிக்கை. தொடர்ந்து சில படங்களுக்கு அந்த முதல் பாட்டை இவரே மெட்டுப் போட்டு இவரே பாடியிருக்கிறார். அந்தப் படங்கள் ஒவ்வொன்றாகப் பாதியில் நின்றன. ஒன்றில் தயாரிப்பாளருக்கு உடம்பு சரியில்லாமல் போனது, இன்னொன்றில் பங்காளிகள் சண்டை. ஆனால் ஸ்டூடியோக்களில் பேசிக்கொண்டது வேறு. மெட்டு ராசியானது, குரல்தான் ராசியில்லாதது என்று பேசிக்கொண்டார்கள்.

“கொரலுக்கு இன்னாக்கா ராசி?” என்றாள் அம்மா. “அதென்ன பூனையா, குறுக்கப் போறதுக்கு?”

அக்கா சிரிக்கவில்லை. கல்லைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார். இப்போது மெட்டுப் போடும் படத்தில் பூஜைப் பாட்டை வேறு ஆளை வைத்துப் பதிவு செய்துவிட்டார்கள். பானைப் பாட்டை மட்டும், படப்பிடிப்பு நடக்க வேண்டுமே என்று, இப்போதைக்கு இவர் குரலில் பதிவு செய்துகொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். நாயகனுக்குப் பிடித்திருந்தால் இந்தக் குரலே படத்தில் இருக்கும். இல்லையென்றால் புகழ்பெற்ற பாடகரைக் கூப்பிட்டு மாற்றிவிடுவார்கள்.

“இருந்துச்சுன்னா?”

“இருந்துச்சுன்னா மறுபடி கூப்பிடுவாங்க. இல்லேன்னா...” அக்கா முறத்தை ஒரு தட்டுத் தட்டினார். “இல்லேன்னா ஊருக்குத்தான். இவருக்குப் பாட்டை விட்டா வேற ஒண்ணும் தெரியாது. வயசும் ஆயிடுச்சு.”

அன்றிலிருந்து அது தெருவின் கவலையாகிவிட்டது. சாருடைய குரல் படத்தில் நிற்குமா நிற்காதா. அம்மா திருவேற்காட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். பாய் பூந்தமல்லி தர்காவில் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார். “நம்ம பங்குக்கு ரெண்டு பக்கமும் சொல்லி வச்சிட்டோம்” என்று அவர் சிரித்தார். நைனா மட்டும், “வாயத் தொறந்தா துட்டு வருது, அவனுக்கு இன்னா கவலை? நெருப்புல நின்னு பாக்கச் சொல்லு” என்றார். ஆனால் அவரும் பட்டறைக்குக் கிளம்பும்போது ‘பானையில’ என்று இழுத்துக்கொண்டுதான் போனார். இறங்க வேண்டிய இடத்தில் சரியாக இறங்கினார்.

ஆடி மாதம் ஒரு நாள், வெயில் தாழும் நேரத்தில், கறுப்புக் கார் ஒன்று ஏரிக்கரையில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. கம்பெனி மானேஜர். வெள்ளைச் சட்டை, விரலில் மோதிரங்கள். நான் மூலையில் வரலாற்றுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். சின்னப் பெண்தானே என்று யாரும் என்னைப் பொருட்படுத்தவில்லை.

“படம் பிரமாதமா வந்திருக்கு சார்” என்றார் மானேஜர். “அந்தப் பாட்டு சீனைப் பார்த்துட்டு ஹீரோ கண்ணைத் தொடச்சிக்கிட்டாரு.”

பாட்டுக்காரர் மஃப்ளரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“ஆனா டிஸ்ட்ரிபியூட்டருங்க ஒரே பிடிவாதம். குரல் அந்தப் பெரிய பாடகரோடதா இருந்தாத்தான் வாங்குவாங்களாம். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை அவரு டேட் கொடுத்திருக்காரு. நீங்களே வந்து சொல்லிக் கொடுத்துட்டீங்கன்னா...”

அக்கா காப்பித் தட்டோடு வாசற்படியில் நின்றுவிட்டார். பாட்டுக்காரர் எழுந்து போய்த் தட்டை வாங்கி, தம்ளரை மானேஜர் கையில் கொடுத்தார்.

“சர்க்கரை போதுமா பாருங்க” என்றார்.

வெள்ளிக்கிழமை போனார். தன் பாட்டைத் தானே இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்து, கையசைத்துப் பாடவைத்துவிட்டுச் சாயங்கால ரயிலில் திரும்பி வந்தார். நான் அன்றும் மூலையில்தான் இருந்தேன். அந்த ஆறேழு மாதத்தில் எனக்குக் கொஞ்சம் தெலுங்கு புரிய ஆரம்பித்திருந்தது.

“எப்படிப் பாடினாரு?” என்று அக்கா கேட்டார்.

“நல்லா பாடினான்” என்றார் அவர். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். “என்னைவிட நல்லா பாடினான். அந்த இறக்கம் மட்டும் வரலை. சரி, போகட்டும்னு விட்டுட்டேன்.”

பிறகு அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் பின்னலைச் சரிசெய்தார். “பாப்பா, இது வெளியில வேணாம். அவரே சொல்லுவாரு. கொஞ்சம் நாள் போகட்டும்” என்றார். நான் தலையாட்டினேன். தெருவில் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. படித்தவள் என்பதால்தான் என்னை நம்பினார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு இனித்தது.

அவர் சொல்லவே இல்லை. ஒவ்வொரு நாளும் ஏரிக்கரைக்கு வருவார், கிணற்றடிப் பெண்கள், “சாரு, படம் எப்போ?” என்பார்கள், அவர் கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அதற்குள் பாய் விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். பட்டணத்தில் ஒரு தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு அந்தப் படம் வருகிறது, தெருவே வேனில் போகிறது, சாரும் அக்காவும் முன் சீட்டில் வருகிறார்கள் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

“இல்ல பாய், எனக்கு உடம்பு...” என்றார் பாட்டுக்காரர்.

“உடம்பெல்லாம் வேன்ல ஏறுனா சரியாப்பூடும் சார். நீங்க இல்லாம நாங்க போயி இன்னா பாக்கறது? எங்களுக்குத் தெலுங்கா தெரியும்?”

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே பூக்கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போனோம். அம்மா, மீன்கார அத்தை, கிணற்றடிப் பெண்கள், வேண்டா வெறுப்பாக நைனா. ஈர மல்லிகை மணம் தொண்டையை அடைத்தது. எல்லோருடைய புடவையிலும் இதழ்கள் ஒட்டிக்கொண்டன. பூக்கடையில் கூடைகளை இறக்கிவிட்டு, தெருவோரம் டீ குடித்துவிட்டு, தியேட்டருக்குப் போனபோது முன் சீட்டிலிருந்து இறங்கிய பாட்டுக்காரரின் முகம் எனக்கு மட்டும்தான் விளங்கியது. அப்படித்தான் அன்று நினைத்தேன்.

ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். நான் ஒரு கோடியில். அவரும் அக்காவும் மறு கோடியில். எழுத்துப் போடும்போது மீன்கார அத்தை என் தொடையைத் தட்டினாள். “ஏ படிச்ச பொண்ணு, சாரு பேரு வந்துச்சா சொல்லு.” எனக்குத் தெலுங்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அவர் வீட்டுக் கேட்டில் தொங்கிய தெலுங்குப் பெயர்ப்பலகையின் வடிவம் மனப்பாடம். ஒரு இடத்தில் வந்தது. இன்னொரு தடவை, பாடினவராக, வரவில்லை. “வந்துச்சு” என்றேன். வரிசை முழுக்கக் கைதட்டியது.

படம் எங்களில் யாருக்கும் சரியாகப் புரியவில்லை. யாரோ அழுதார்கள், யாரோ குதிரையில் போனார்கள். பிறகு ஒரு நதிக்கரை. நாயகன் தனியாக நிற்கிறான். வயலின்கள் ஆரம்பித்தன. அது எங்கள் பாட்டு. வரிசையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அந்தக் குரல் வந்தது. நீங்கள் டீக்கடையில் கேட்ட அதே குரல்.

நான் இருட்டில் அக்காவைப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளாலும் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். இப்போது தெரிந்துவிடும், எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அப்போது அம்மா ஆரம்பித்தாள். ஏரிக்கு அந்தப் பக்கம் போகும் குரலில்.

“பால் வந்துச்சா...”

மீன்கார அத்தை சேர்ந்துகொண்டாள். “பஸ்ஸு போயிடுச்சா...” பிறகு கிணற்றடி முழுவதும். பாய், தொடையில் தாளம் போட்டுக்கொண்டு. நைனாகூட. திரையில் அந்த மனிதர் தெலுங்கில் உருக, இந்தப் பக்கம் பானையில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒரு வரிசையே கேட்டுக்கொண்டிருந்தது. முன்னால் இருந்தவர்கள் திரும்பினார்கள். “நோரு முய்யண்டி!” என்று ஒருவர் கத்தினார். “எந்தக் காட்டுலேந்து வந்தீங்க? வாயை மூடுங்க!” என்று இன்னொருவர் தமிழில். டார்ச் விளக்கோடு ஆள் ஓடிவந்தான்.

என் மானம் போயிற்று. பட்டணத்து ஜனங்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் நான் முதல் பெஞ்சில் உட்காருகிறவள். நான் தலையை முழங்காலில் கவிழ்த்து, இரண்டு காதிலும் விரலை வைத்து அழுத்திக்கொண்டேன். தரையில் யார் காலிலிருந்தோ உதிர்ந்த ஒரு மல்லிகை நசுங்கிக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் தலையைத் தூக்கியபோது பாட்டு முடிந்திருந்தது. யாரும் திட்டவில்லை. முன் வரிசைக்காரர்கள் சிலர் இன்னும் எங்கள் பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டார்ச் ஆள் விளக்கைத் தரையை நோக்கிப் பிடித்தபடி நின்றான். அக்கா அழுதுகொண்டிருந்தார். அவமானத்தால் அழுகிறார் என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும் பாய், பூக்கடையில் எடுத்து வைத்திருந்த கதம்ப மாலையைப் பாட்டுக்காரரின் கழுத்தில் போட்டார்.

“இன்னா கொரலு சார்! தியேட்டரே ஆடிப்போச்சு!”

பாட்டுக்காரர் கைகூப்பினார். அப்போது எனக்கு அவர் மேல் இரக்கமாகவும், இவர்கள் மேல் எரிச்சலாகவும் இருந்தது. அடுத்தவன் குரலுக்கு மாலை போடுகிறார்கள், அதுகூடத் தெரியவில்லையே என்று. திரும்பும் வழியில் காலியான பூக்கூடைகள் வேனில் உருண்டுகொண்டே வந்தன.

அந்தப் படம் நன்றாக ஓடியது. அந்தப் பாட்டும் ஓடியது, இன்னும் ஓடுகிறது. பாடகருக்கு அதனால் ஒரு மரியாதை கூடியதாகச் சொல்வார்கள். இவரைத் தேடி யாரும் வரவில்லை. கார்த்திகையில் ஏரி நிரம்பியிருந்தபோது அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். ஆர்மோனியத்தை மட்டும் பாய் வேனில் சென்ட்ரலுக்கு எடுத்துப்போனார். பீரோ, கட்டில், டேப் ரிக்கார்டர் எல்லாம் விலைக்குப் போயின. கிளம்பும்போது அவர் கிணற்றடிக்கு வந்து நின்றார். ஏதோ சொல்லப்போகிறார் என்று எல்லோரும் குடத்தைக் கீழே வைத்தார்கள். அவர் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். மஃப்ளர் இல்லாத கழுத்தோடு அவரைத் தெருவில் அன்றுதான் பார்த்தேன்.

பிறகு அவர் ஊரில் ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு வாத்தியாராக இருப்பதாக பாய் யார் மூலமோ கேட்டு வந்து சொன்னார். அவர் பெயரைத் தாங்கி வேறு படம் வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

குப்பையில் அக்கா போட்டுவிட்டுப் போன பழுப்பு நாடாச் சுருள் ஒன்றை அம்மா எடுத்துவந்தாள். கரைக்குக் கீழே எங்கள் கீரைப் பாத்தியில் நாலு குச்சி நட்டு, அதைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினாள். குருவிகள் வராமலிருக்க. காற்றடித்தால் அது பளபளத்துக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம் எழுப்பும். மழையிலும் வெயிலிலும் அறுந்து அறுந்து அடுத்த தையில் ஒன்றும் மிஞ்சவில்லை. பின்னாளில் நான் படித்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஒரு டேப் ரிக்கார்டரைக் காட்டி, குரல் இந்த நாடாவில்தான் இருக்கிறது என்று விளக்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது, எங்கள் கீரையைக் காவல் காத்தது எது என்று. வகுப்பில் எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீக்கடையில் பாட்டுக் கேட்ட அன்று வீட்டுக்குப் போனதும், எனக்கு என்னவோ இனி இதைச் சுமக்க முடியாது என்று தோன்றியது. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டேன்.

“அம்மா, அன்னிக்குத் தியேட்டர்ல பாடுனது பாட்டுக்காரரு இல்ல.”

“ம்.”

“எனக்கு அப்பவே தெரியும். அக்கா வெளியில சொல்ல வாணாம்னாங்க.”

“ஏண்டி, வருசம் பூரா காதுல வாங்குன கொரலு” என்றாள் அம்மா, தண்ணீரை வடித்துக்கொண்டே. “எங்களுக்குத் தெரியாதா? மொத வரியிலயே தெரிஞ்சுபோச்சு.”

“அப்போ ஏன் அப்படிக் கத்துனீங்க?”

“கோவம். எவனோ ஒருத்தன் வந்து நம்ம சாரு பாட்டைப் பாடிக்கினு கீறான். அவன் கொரலு கேக்கக் கூடாதுன்னுதான் கத்துனோம்.”

நான் காலை மடக்கிக்கொண்டேன். “அவரு பாவம். உங்களுக்கு ஒண்ணுமே புரியலன்னு நெனச்சிருப்பாரு.”

அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

“அவரா? பானையிலன்னு ரெண்டாவது வாட்டி நாங்க எடுத்தப்போ, அவரும் எடுத்தாரே. எழுந்து நின்னுக்கினு. அந்த எறக்கத்துல எங்களுக்கே தொண்டை அடைச்சிக்கிச்சு, நாங்க நிறுத்திட்டோம். அவரு ஒருத்தருதான் பாடி முடிச்சாரு. அந்த ஜனம் ஒரு வார்த்தை பேசல. நீ கேக்கல?”

கேட்கவில்லை.

அம்மா அரிசியைப் பாத்திரத்தில் கொட்டி அடுப்பில் வைத்தாள். புகை கண்ணில் பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எழுந்திரு. பானையில தண்ணி கீதா பாரு.”

எழுந்து போய்ப் பார்த்தேன்.